வெயில் தின்னும் வெள்ளை: ஒரு பூச்சின் பக்குவ வரலாறு

மேற்கு பார்த்த ஜன்னலுக்கு மலிவான வெள்ளை பெயின்ட் அடித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இரண்டு மூன்று கோடை போனதும் அதில் கை வைத்தால் விரலில் மாவு ஒட்டும். சட்டை உரசினால் வெள்ளைக் கோடு விழும். நம் ஊர் பெயின்டர்கள் "பவுடர் கொட்டுது சார்" என்பார்கள். மழை, வெயில், கலப்படம் என்று நாமும் ஏதோ காரணம் சொல்லிக்கொள்வோம். கலப்படம் சில சமயம் உண்மைதான். ஆனால் கலப்படமே இல்லாத பெயின்டிலும் இது நடக்கும். பெயின்டுக்கு வெண்மை தரும் அந்தப் பொருளே வெயிலைப் பிடித்துக்கொண்டு, தன்னைச் சுவரோடு ஒட்டவைத்திருக்கும் எண்ணெயைத் தின்றுவிடுகிறது. எண்ணெய் போன பின் மிஞ்சுவதுதான் அந்த மாவு.

கெடுதல் செய்யும் இந்தக் குணத்தை நல்ல காரியத்துக்குத் திருப்ப முடியுமா என்று கேட்டவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எண்ணெயைத் தின்னும் வெள்ளை, தண்ணீரில் கலந்த சாயத்தைத் தின்னாதா? தோல் ஷாப்புகளுக்குக் கீழ்ப்பக்கம் குடியிருக்கும் நமக்கு இந்தக் கேள்வி பொழுதுபோக்குக்கானது அல்ல.

வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் விஞ்ஞானி அல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் பள்ளிப்படிப்பு, பிறகு ஓய்வு பெறும்வரை அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. கோப்பில் குறிப்பு எழுதியவனுக்கு ஒரு பழக்கம் படிந்துவிடும். ஒரு வேலைக்கு ஒப்புதல் கேட்டு கோப்பு வந்தால் "என்ன பொருள்?" என்று மட்டும் பார்க்க மாட்டோம், "எந்த முறையில்?" என்றும் பார்ப்போம். சிமென்ட் நல்ல சிமென்டாகவே இருக்கலாம். தண்ணீர் ஊற்றி ஆறவிடாவிட்டால் தளம் வெடித்துப்போகும். இந்த வெள்ளைப் பொருளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அதிலும் எல்லாம் செய்முறையில்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

மணலில் இருந்து

அந்த வெள்ளைப் பொருளுக்கு டைட்டானியம் டை ஆக்சைடு என்று பெயர். பெயின்ட், காகிதம், பிளாஸ்டிக், பற்பசை என்று வெள்ளையாக இருக்கும் பலவற்றிலும் அது இருக்கிறது. அதன் மூலப்பொருள் நம் தென்கோடிக் கடற்கரையில் கிடக்கிறது.

1909-ம் ஆண்டில் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய்நார்ப் பொருளில் ஒட்டிக்கொண்டிருந்த மணலில் மோனசைட் என்ற தாது இருப்பதைக் கண்டார். பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டில் நினைவிருக்கிறதா? அந்த வகை மேன்டிலுக்கு வேண்டிய தோரியம் மோனசைட்டில் இருந்தது. ஷோம்பர்க் தேடி வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. அது அப்போது திருவிதாங்கூர், இப்போது நம் கன்னியாகுமரி மாவட்டம். மோனசைட்டைப் பிரித்த பின் மிஞ்சிய கறுப்பு மணல் இல்மனைட். அதில் இரும்பும் டைட்டானியமும் கலந்திருக்கும். முதலில் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. டைட்டானியம் வெள்ளை பெயின்டுக்கு வந்த பிறகு, 1920களிலிருந்து அந்தக் கறுப்பு மணல் கப்பல் கப்பலாக வெளிநாடு போனது.

பின்னர் கேரளத்தில் இரண்டு ஆலைகள் வந்தன. ஒன்று 1946-ல் நிறுவப்பட்ட திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலை, திருவனந்தபுரம் கொச்சுவேளியில். இன்னொன்று கொல்லம் பக்கத்தில் சவராவில். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நம் விஷயம் பாதி விளங்கிவிடும்.

கொச்சுவேளியில் மணலைக் கந்தக அமிலத்தில் கரைக்கிறார்கள். இரும்பு அன்னபேதியாகப் பிரிந்துவிடும். மீதியைக் கொதிக்கவைத்து, வண்டலாகப் படியவைத்து, சூளையில் சுடுகிறார்கள். இதில் வருவது அனடேஸ் என்ற வகை. சவராவில் குளோரின் கொண்டு டைட்டானியத்தை ஆவியாக்கி, அந்த ஆவியை ஆக்சிஜனில் எரிக்கிறார்கள். இதில் வருவது ரூட்டைல். இரண்டும் ஒரே கடற்கரை மணலிலிருந்து வந்தவை, வேதியியல் பெயரும் ஒன்றுதான். அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம் மட்டும் வேறு. அதனால் குணமும் வேறாகிவிடுகிறது. வெயிலைப் பிடித்து எண்ணெயைத் தின்னும் வேகம் அனடேஸுக்கு அதிகம். அதனால்தான் வெளிச்சுவருக்கான நல்ல பெயின்டில் ரூட்டைலைப் போடுகிறார்கள். அந்த ரூட்டைல் துகளின் மேலும் சிலிக்கா, அலுமினா என்று மெல்லிய போர்வை ஒன்று போட்டு அதைத் தூங்கவைக்கிறார்கள். மலிவு பெயின்டில் இந்தக் கவனம் எல்லாம் இருக்காது.

கெட்ட குணம் நல்ல குணமானது

வெயில் பட்டால் இந்த வெள்ளைப் பொருளில் ஏதோ நடக்கிறது என்று 1921-லேயே கார்ல் ரென்ஸ் என்ற வேதியியலர் எழுதியிருக்கிறார். 1938-ல் லண்டனில் குடீவ், கிச்சனர் என்ற இருவர், டைட்டானியம் பொடியோடு சாயத்தைச் சேர்த்து ஒளியில் வைத்தால் சாயம் வெளுப்பதை அளந்து பார்த்தார்கள். அவர்களுடைய அக்கறை பெயின்டைப் பற்றியது. சாயத்தை அழிக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது யாருக்கும் இல்லை.

திருப்பம் ஜப்பானில் வந்தது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த அகிரா ஃபுஜிஷிமா, ஆசிரியர் ஹோண்டாவின் கீழ், 1967-ல் ஒரு டைட்டானியம் டை ஆக்சைடு படிகத்தைத் தண்ணீரில் வைத்து ஒளி பாய்ச்சினார். தண்ணீர் பிரிந்து குமிழிகள் வந்தன. இதை 1972-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே பெட்ரோல் நெருக்கடி. சூரியனையும் தண்ணீரையும் வைத்து எரிபொருள் செய்யலாம் என்று உலகம் முழுவதும் ஆசைப்பட்டது. அந்த ஆசை இன்றுவரை முழுதாக நிறைவேறவில்லை. ஆனால் அதன் பக்கவாட்டில் வேறொன்று வளர்ந்தது. 1977-ல் அமெரிக்காவில் ஃபிராங்க், பார்ட் என்ற இருவர், தண்ணீரில் கலந்த சயனைடு நஞ்சை இதே பொடியும் ஒளியும் அழிப்பதைக் காட்டினார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆராய்ச்சி அதன் பிறகு வேகம் பிடித்தது.

ஒளிக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவை இவர்களுக்கெல்லாம் முன்பு, 1839-ல், பத்தொன்பது வயதில் கண்டவர் எத்மோன் பெக்கரேல் என்ற பிரெஞ்சுக்காரர். என் பள்ளியில் இந்தப் பெயரைப் பெருமையோடு சொல்லிக்கொடுத்தார்கள், அதனால் நானும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

நடப்பதை எளிமையாகச் சொன்னால் இப்படி. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் துகளின் மேல் பட்டதும், உள்ளே ஓர் எலக்ட்ரான் இடம் விட்டுத் துள்ளுகிறது. அது விட்டுப்போன காலி இடமும், துள்ளிய எலக்ட்ரானும் மேற்பரப்புக்கு வந்தால், அங்கே ஒட்டியிருக்கும் தண்ணீரையும் ஆக்சிஜனையும் மிக முரட்டுத்தனமான பொருள்களாக மாற்றுகின்றன. அவை நொடிக்கும் குறைவாகத்தான் வாழும். அதற்குள் பக்கத்தில் இருக்கும் சாயம், எண்ணெய், கிருமி எதுவானாலும் துண்டு துண்டாக வெட்டிவிடும். கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் கரியமில வாயுவும் தண்ணீரும். வெள்ளைப் பொருள் மட்டும் தேயாமல் அப்படியே இருக்கும். இதனால்தான் இதற்கு ஒளி வினையூக்கி என்று பெயர்.

இதில் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முழுவதும் மேற்பரப்பில்தான் நடக்கிறது. அதற்கு வேண்டியது புற ஊதாக் கதிர், அது வெயிலில் நூற்றுக்கு நான்கைந்து பங்குதான்.

நம் பக்கத்துத் தண்ணீர்

நம் காவேரிப்பாக்கம் ஏரி பல்லவ மன்னன் நந்திவர்மன் காலத்தது என்பார்கள். அதற்கு வாலாஜா பக்கத்துப் பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. அணைக்கட்டுக்கு மேலே, ஆற்றோரமாக, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று தோல் ஊர்கள். இராணிப்பேட்டையோ நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தோல் தொழில் இந்தப் பக்கத்தில் எத்தனை ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியதையும் சொல்லத் தேவையில்லை.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, குரோம் முறையில் சுமார் 170 வகை இரசாயனங்கள் பயன்படுகின்றன, தோல் தொழில் நடக்கும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்பவை அந்தத் தீர்ப்பில் பதிவாகியுள்ள செய்திகள். மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நாடு முழுவதும் எடுத்துக்காட்டுவது இந்தத் தீர்ப்பை வைத்துத்தான். பொது சுத்திகரிப்பு நிலையத்தில் சேராத, சொந்த நிலையமும் இல்லாத ஷாப்புகள் நடக்க முடியாது என்ற நிலை வந்தது.

சுத்திகரிப்பு நிலையத்தில் நுண்ணுயிர்களை வைத்துக் கழிவைத் தின்னவைப்பார்கள். சாணமோ இரத்தமோ சர்க்கரையோ என்றால் அவை தின்றுவிடும். ஆனால் தோல் சாயங்களில் பல, வெயிலிலும் வேர்வையிலும் சாயம் போகக் கூடாது என்றே உறுதியாகச் செய்யப்பட்டவை. ஷூவின் பழுப்பு நிறம் சீக்கிரம் மங்கினால் யார் வாங்குவார்கள்? அந்த உறுதியே தண்ணீருக்கு வந்ததும் தொல்லையாகிவிடுகிறது. நுண்ணுயிர் தின்ன மறுக்கும் சாயத்தை வெயிலும் வெள்ளைப் பொடியும் தின்னுமா என்பது அப்போது நியாயமான கேள்வி.

சென்னையில் நடந்த சோதனை

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் சென்னை அண்ணா பல்கலைக்கழக வேதியியல் துறையினர். எஸ். சக்திவேல், வி. முருகேசன் முதலியோர். அவர்கள் தேர்ந்தெடுத்த சாயம் ஆசிட் பிரவுன் 14 என்ற பழுப்புத் தோல் சாயம்.

2003-ல் வெளியான ஆய்வில், சூரிய ஒளியையே வைத்து இந்தச் சாயத்தை அழித்துப் பார்த்தார்கள். டைட்டானியம் பொடியில் உலகம் முழுவதும் அளவுகோலாக வைத்திருக்கும் பி25 என்ற ஜெர்மன் சரக்கு ஒரு பக்கம், துத்தநாக ஆக்சைடு மறு பக்கம். நம் வெயிலில் துத்தநாக ஆக்சைடு முந்தியது. ஆனால் துத்தநாக ஆக்சைடுக்கு ஒரு பலவீனம் உண்டு. அமிலத்திலும் கடும் காரத்திலும் அது கரைந்துபோகும். டைட்டானியம் கரையாது.

பொடிக்கு எல்லோரும் அறிந்த இடைஞ்சல் ஒன்று இருக்கிறது. பி25 பொடியின் துகள் இருபது இருபத்தைந்து நானோமீட்டர் அளவுதான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். அவ்வளவு நுண்ணிய பொடியைத் தண்ணீரில் கலக்கினால் பால் போல ஆகிவிடும். சாயம் போன பிறகு அந்தப் பொடியை எப்படி வடிகட்டுவது? துணியில் நிற்காது, சீக்கிரம் படியவும் படியாது. ஒரு அழுக்கை எடுக்க இன்னொரு அழுக்கைப் போட்டதாக ஆகும்.

அதனால் பொடியை எதன் மேலாவது பூசி நிலைநிறுத்த வேண்டும். இதே குழுவினர் 2002-ல் வெளியிட்ட ஆய்வு அதைப் பற்றியது. டைட்டானியத்தை ஒரு பக்கம் அலுமினாவின் மேலும், இன்னொரு பக்கம் கண்ணாடி மணிகளின் மேலும் ஏற்றி, அதே பழுப்புச் சாயத்தை அழிக்க விட்டார்கள். பூசிய பொருள் ஒன்று, அழிக்க வேண்டிய சாயமும் ஒன்று. அலுமினாவின் மேல் ஏற்றியது நன்றாக வேலை செய்தது, கண்ணாடி மணி பின்தங்கியது. காரணம், அலுமினா சாயத்தைத் தன் மேல் இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சாயம் வெள்ளைத் துகளின் பக்கத்திலேயே காத்திருக்கும். கண்ணாடி வழுவழுப்பானது, அதில் சாயம் தங்காது.

இந்த ஆய்வைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. பூச்சு என்பது தனியாக நிற்கும் பொருள் அல்ல. எதன் மேல், எப்படி, எந்தச் சூட்டில் என்ற மூன்றையும் சேர்த்துத்தான் அது பூச்சாகிறது.

பூசும் வழிகள்

பூசுவதற்கு உலகில் பல வழிகள் வைத்திருக்கிறார்கள். முக்கியமான நான்கை மட்டும் சொல்கிறேன்.

முதல் வழி முக்கி எடுப்பது. டைட்டானியம் சேர்ந்த ஒரு திரவத்தைச் சாராயத்தில் கரைத்து, துளித் தண்ணீர் சேர்த்து, மெதுவாகக் கூழாக மாறவிடுவது. சோல்-ஜெல் முறை என்று பெயர். கண்ணாடித் தகட்டை அதில் முக்கிச் சீரான வேகத்தில் மேலே தூக்குவார்கள். வேகமாகத் தூக்கினால் படலம் தடிக்கும், மெதுவாகத் தூக்கினால் மெலியும். ஒரே தடவையில் தடிமனாகப் பூசினால், கோடையில் ஏரி வண்டல் வெடிப்பது போலப் பாளம் பாளமாக வெடித்துவிடும். அதனால் மெல்லியதாகப் பூசிக் காயவைத்து, சுட்டு, மறுபடி பூச வேண்டும்.

இந்த முறையின் மூலக்கதை பிரெஞ்சு நாட்டில் இருக்கிறது. பாரிஸ் பக்கத்தில் சேவ்ர் என்ற ஊரில் அரசுப் பீங்கான் தொழிற்சாலை இருக்கிறது. அதில் பணிபுரிந்த எபெல்மென் என்ற வேதியியலர் 1846-ல் ஒன்றைக் கவனித்தார். மணலின் சாரமான சிலிக்காவைச் சாராயத்தோடு சேர்த்துச் செய்த ஒரு திரவம், ஈரக்காற்றில் நாள்பட நாள்பட, அடுப்பே இல்லாமல் கண்ணாடி போல இறுகியது. பயன் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு கழித்து, 1939-ல் ஜெர்மனியின் யேனா நகரத்து ஷாட் கண்ணாடி நிறுவனம் இதே வழியில் கண்ணாடிக்குப் பூச்சுப் போடக் காப்புரிமை வாங்கியது. 1977-ல் ழாக் லிவாழ் என்ற பிரெஞ்சு வேதியியலர், பெரும் சூட்டை நம்பாத இந்த வகைச் செய்முறைகளுக்கு 'ஷிமி தூஸ்' என்று பெயர் வைத்து 'லெ மோந்த்' நாளிதழில் எழுதினார். மென்மையான வேதியியல் என்று பொருள். தயிர் உறைவது போல, அவசரப்படுத்தாமல் செய்வது என்று நான் புரிந்துகொண்டேன்.

இரண்டாவது வழி தெளிப்பது. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளிப்பது போல, சூடான தகட்டின் மேல் கரைசலைத் தெளிப்பார்கள். துளி விழுந்த இடத்தில் திரவம் பறந்துபோய் ஆக்சைடு ஒட்டிக்கொள்ளும். செலவு குறைவு, பெரிய பரப்புக்கும் ஆகும். துளியின் அளவும் தகட்டின் சூடும் சீராக இல்லாவிட்டால் திட்டுத் திட்டாகிவிடும்.

மூன்றாவது ஆவியைப் படியவைப்பது. சூடான கண்ணாடி நகர்ந்து போகும்போது டைட்டானியம் ஆவியை அதன் மேல் விடுவார்கள். படலம் கண்ணாடியோடு ஒன்றிப்போகும், சுரண்டினாலும் எளிதில் வராது.

நான்காவது வெற்றிட அறையில் செய்வது. டைட்டானியம் உலோகத் தகட்டின் மேல் ஆர்கான் வாயுவின் மின்னேற்றத் துகள்களை மோதவிட்டு, அணு அணுவாகப் பெயர்த்து எதிரே உள்ள கண்ணாடியில் படியவைப்பார்கள். மிகச் சீராகவும் நெருக்கமாகவும் வரும். ஆனால் இயந்திரத்தின் விலை அதிகம். நெருக்கமான பூச்சில் உள்துளைகள் இல்லாததால், சாயம் வந்து தொடும் பரப்பும் குறைவு.

எந்த வழியில் பூசினாலும் கடைசியில் சூடு என்ற பரீட்சை உண்டு. கூழிலிருந்து வந்த புதுப் பூச்சில் அணுக்கள் ஒழுங்கில்லாமல் கிடக்கும். அப்போது வெயில் பட்டாலும் பெரிதாக வேலை நடக்காது. 400, 500 டிகிரி வாக்கில் சுட்டால் அணுக்கள் வரிசைக்கு வந்து அனடேஸ் உருவாகும். பக்குவம் அதுதான். இன்னும் ஏற்றி 600, 700 டிகிரியைத் தாண்டினால் சிறு துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருக்கும், பரப்பு சுருங்கும், அனடேஸ் ரூட்டைலாக மாறத் தொடங்கும். வேகம் குறைந்துவிடும். வெல்லப்பாகு மாதிரிதான். பதத்துக்கு முன்னால் இறக்கினால் உருண்டை பிடிக்க வராது, பதம் தாண்டினால் கல்லாகிவிடும்.

சூட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. சாதாரணக் கண்ணாடியில் சோடா உப்பு இருக்கிறது. சுடும்போது அதிலுள்ள சோடியம் கசிந்து பூச்சுக்குள் ஏறி அதன் வேகத்தைக் கெடுக்கும். அதனால் கண்ணாடிக்கும் பூச்சுக்கும் நடுவில் சிலிக்காவால் ஒரு தடுப்புப் பூச்சு போடுவது வழக்கமாயிற்று. சுவருக்கு பிரைமர் அடிப்பது போல.

கண்ணாடியில் கிடைத்த வெற்றி

இந்தப் பூச்சுக்கு முதலில் பெரிய சந்தை கிடைத்தது தண்ணீர் சுத்திகரிப்பில் அல்ல. ஜப்பானில் டோட்டோ நிறுவனம் ஃபுஜிஷிமா குழுவினரோடு சேர்ந்து 1990களில் குளியலறை, மருத்துவமனை ஓடுகளுக்குப் பூசியது. 1997-ல் இன்னொரு குணத்தையும் வெளியிட்டார்கள். இந்தப் பூச்சின் மேல் ஒளி பட்ட பின் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல், விரித்த துணி போலப் பரவிவிடுகிறது. அழுக்கின் பசையை வெயில் தின்னும், மிச்சத்தை மழைநீர் வழித்துக்கொண்டு போகும்.

2001-ல் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் ஜன்னல் கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுத் தகடாக்கும் மிதவை முறையும் அவர்கள் கண்டுபிடிப்புதான். நம் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் பிரெஞ்சு நிறுவனத்துக் கண்ணாடி ஆலையிலும் தகடு செய்வது மிதவை முறையில்தான். அந்தத் தகடு சூடு ஆறுவதற்குள் ஆவி முறையில் டைட்டானியம் பூச்சை ஏற்றிவிடுவது பில்கிங்டனின் உத்தி. பூச்சின் தடிமன் 15 நானோமீட்டர் அளவு. நம் தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது.

2003-ல் பிரிட்டனில் ஆண்ட்ரூ மில்ஸ் குழுவினர் இந்தக் கண்ணாடியையும், பி25 பொடியைப் பூசிய படலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். வேகத்தில் பொடிப் படலம்தான் முந்தியது. ஆனால் உறுதியிலும், ஒவ்வொரு துண்டும் ஒரே மாதிரி வேலை செய்வதிலும் ஆலைக் கண்ணாடி வெகுதூரம் முன்னால் நின்றது.

நான் சொல்லவந்த விஷயம் முழுவதும் இந்த ஒரு சோதனைக்குள் இருக்கிறது. தளர்வாக, துளைகளோடு, நிறையப் பரப்போடு பூசினால் வேகம் கிடைக்கும், ஆனால் உதிரும். இறுக்கமாகப் பூசினால் நிற்கும், ஆனால் வேகம் குறையும். ஜன்னல் கண்ணாடிக்கு மெதுவான வேகம் போதும். அதில் படியும் அழுக்கு கொஞ்சம், அதற்குக் கிடைக்கும் அவகாசமோ நாள் முழுவதும். அதனால் அங்கே வெற்றி கிடைத்தது.

கழிவுநீரில் ஏன் வரவில்லை

தோல் கழிவில் கணக்கு தலைகீழ். சாயம் நிறைய, தண்ணீர் நிறைய, அவகாசம் கொஞ்சம். வேகமான பூச்சு வேண்டும், ஓடும் தண்ணீரில் உதிரவும் கூடாது. இரண்டும் சேர்ந்து மலிவாகக் கிடைக்கும் செய்முறைக்குத்தான் உலகெங்கும் ஆராய்ச்சிக்கூடங்கள் இன்னும் முயன்றுகொண்டிருக்கின்றன.

தண்ணீரின் பக்கமும் சிக்கல் இருக்கிறது. ஷாப்பிலிருந்து வரும் தண்ணீர் கருத்திருக்கும். வெயில் அதன் மேல்தோலைத் தாண்டி உள்ளே இறங்காது. அடியில் இருக்கும் பூச்சு இருட்டில் சும்மா கிடக்கும். அடுத்தது உப்பு. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் கொண்டுவருகிறார்கள். ஊறவைக்கும்போது அது தண்ணீரில் இறங்கிவிடுகிறது. நம் கிணறுகளைக் கரிக்கவைப்பதில் பெரும் பங்கு இந்த உப்புக்கு. வெயிலும் வெள்ளைப் பூச்சும் சேர்ந்து எத்தனை முரட்டுச் சாயத்தையும் வெட்டலாம். சோற்றுப்பை வெட்ட முடியாது. அது கரியமில வாயுவாக மாறும் பொருள் அல்ல. போதாக்குறைக்கு அந்த உப்பு பூச்சின் வேலையையும் மந்தப்படுத்துகிறது.

ஆகவே "வெயில் பூச்சு வந்தால் சுத்திகரிப்பு நிலையமே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உப்பைத் தனியே பிரிக்க வேண்டும், குரோமைத் திரும்ப எடுக்க வேண்டும், நுண்ணுயிர்கள் தின்னக்கூடியதை அவை தின்ன வேண்டும். எல்லாம் முடிந்து, வெளிறிய நிறத்தோடு மிஞ்சும் கடைசித் தண்ணீரில்தான் இந்தப் பூச்சுக்கு இடம். அந்த இடம் சிறியதானாலும் தேவையான இடம். நுண்ணுயிர் கைவிட்ட சாயம் அங்கேதான் இருக்கிறது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

இப்போது 'நானோ கோட்டிங்' என்று சொல்லி வீட்டுக்கு வீடு ஆள் வருகிறார்கள். சுவர் தானே கழுவிக்கொள்ளும், தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடிக்காது என்கிறார்கள். எல்லாம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தக் கேள்விகளை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, வெயில் படும் இடமா? மூடிய தண்ணீர்த் தொட்டிக்குள் புற ஊதாக் கதிர் போகாது. அங்கே ஒளி வினையூக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டு, சூடு எங்கே கொடுத்தார்கள்? வீட்டுச் சுவரை 450 டிகிரியில் சுட முடியாது. ஆகவே துகள் முன்பே பக்குவமாகி வந்திருக்க வேண்டும். "தானே காயும்" என்பது விடையல்ல.

மூன்று, எதைக் கொண்டு ஒட்டியிருக்கிறார்கள்? சாதாரண பெயின்ட் பிசின் என்றால் துகளை அது மூடிவிடும், இல்லையேல் துகள் அதைத் தின்றுவிடும். பிறகு பவுடர் கொட்டும். சிலிக்கா வகைப் பிணைப்பு என்றால் பரவாயில்லை.

நான்கு, சோதனைச் சான்று இருக்கிறதா? மெத்திலின் நீலம் என்ற சாயத்தைப் பூச்சின் மேல் விட்டு, ஒளியில் எவ்வளவு வெளுக்கிறது என்று அளக்க ஐ.எஸ்.ஓ. 10678 என்ற பன்னாட்டு முறை 2010-ல் வந்துவிட்டது. நல்ல சரக்கு வைத்திருப்பவர் இப்படி ஏதாவது சான்று காட்டுவார்.

இந்த நான்குக்கும் தயங்காமல் பதில் வந்தால் மேற்கொண்டு விலையைப் பேசலாம்.

தோல் ஷாப்பில் சாய டிரம் பக்கம் வேலை பார்த்த பெரியவர்கள் நம் வாசகர்களில் சிலர் இருக்கிறீர்கள். அந்த நாளில் எந்தச் சாயம் கையை விட்டுப் போகாது, எது இரண்டு கழுவலில் போய்விடும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆராய்ச்சிக் கட்டுரையில் அது இருக்காது. எழுதி அனுப்பினால் அடுத்த முறை சேர்த்துக்கொள்கிறேன்.